பிப்பெட் என்றால் குட்டிக் குழாய்!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவி)



நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் புத்தகத்துக்கு 'ஆண்டு மலர்' என்று ஒரு பெயர் உண்டு. 'சுவனீர்' என்று இன்னொரு பெயரும் உண்டு. நம் கல்லூரி வாசல் வளைவில் 'பாலிடெக்னிக்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. சுவனீர், பாலிடெக்னிக் இரண்டும் இங்கிலீஷ் என்றுதானே நினைக்கிறோம்? நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். ஆனால் இரண்டுமே பிரான்ஸ் தேசத்திலிருந்து வந்தவை. பிரெஞ்சில் 'சுவனீர்' என்றால் நினைவு, ஞாபகம். பாரிஸில் 1794-ல் ஒரு பொறியியல் பள்ளியைத் தொடங்கி, 1795-ல் அதற்கு 'எக்கோல் பாலிடெக்னிக்' என்று பெயர் வைத்தார்கள். பல கலைகளைச் சொல்லித் தரும் பள்ளி என்று அர்த்தம். அந்தப் பெயர்தான் ஊர் ஊராகச் சுற்றி நம் வாசல் வளைவு வரைக்கும் வந்திருக்கிறது.

"இதெல்லாம் தெரிஞ்சு என்னடி பிரயோஜனம்? மார்க் போடுவாங்களா?" என்று என் பக்கத்து பெஞ்ச் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

லேப்பில் நடந்தது

முதலாமாண்டு வேதியியல் லேப். சேர்ந்து மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ இருக்கும். "பிப்பெட்டை எடுத்துட்டு வாம்மா" என்றார்கள். நான் பியூரெட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். லேப் முழுக்கச் சிரிப்பு. "பிப்பெட்டுக்கும் பியூரெட்டுக்கும் வித்தியாசம் தெரியாம டிப்ளமோ படிக்க வந்துட்டியா?" என்று ஒரு குரல். சொன்னவர் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. அன்றைக்கு மட்டும் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். வீட்டுக்குப் போய் யாரிடம் கேட்பது? அன்று ராத்திரி நோட்டில் 'நடுவில் பருத்திருப்பது பிப்பெட், அடியில் திருகு இருப்பது பியூரெட்' என்று பத்து தடவை எழுதினேன். அடுத்த வாரம் பயத்தில் மறுபடியும் குழம்பினேன். பெயரிலேயே இப்படிக் குழம்பியவளுக்கு மற்றது எப்படி மண்டையில் ஏறும்? அந்த செமஸ்டர் வேதியியலில் அரியர்.

அரியருக்குப் படிக்கத்தான் லைப்ரரிக்குப் போனேன். அங்கே ஒரு தடிமனான இங்கிலீஷ் அகராதி இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பிப்பெட் என்ற சொல்லைத் தேடினேன். 'பிரெஞ்சு' என்று இருந்தது. பிரெஞ்சில் 'பீப்' என்றால் குழாய். அதோடு 'எட்' சேர்த்தால் குட்டிக் குழாய். அவ்வளவுதான்! பியூரெட்டைப் பார்த்தேன். அதுவும் பிரெஞ்சு. 'புயீர்' என்பது மூக்கு வைத்த ஒருவகை ஜாடி. 'எட்' சேர்ந்தால் குட்டி ஜாடி. ஜாடி என்றால் ஊற்றும். அதனால்தான் அதற்கு அடியில் திருகு. குழாய் என்றால் உறிஞ்சும். அதனால்தான் அதற்குத் திருகு கிடையாது.

நண்பர்களே, இதைப் படித்த பிறகு இன்றுவரை நான் அந்த இரண்டையும் மாற்றி எடுத்ததில்லை.

இந்த இரண்டு பெயர்களையும் வேதியியலில் நிலைநிறுத்தியது கே-லுசாக் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1824-ல் எழுதிய ஒரு கட்டுரை. வாயுக்கள் பாடத்தில் வருகிறாரே, அதே கே-லுசாக்! அவர் படித்தது எங்கே தெரியுமா? மேலே சொன்ன பாரிஸ் பாலிடெக்னிக்கில். அங்கேயே பின்னால் பேராசிரியராகவும் இருந்தார்.

ஒரு சாவி, பல பூட்டு

'எட்' என்றால் குட்டி. இந்த ஒரு சாவியைக் கையில் வைத்துக் கொண்டு அகராதியைப் புரட்டினேன். ஒவ்வொன்றாகத் திறந்தது. நிறமானியில் வைக்கும் 'குவெட்' என்பது குட்டித் தொட்டி. ஆஸ்பத்திரியில் சுரண்டி எடுக்கும் கருவி 'கியூரெட்'; சுத்தம் செய்வது என்ற சொல்லிலிருந்து வந்தது. 'கேசட்' குட்டிப் பெட்டி. 'சிகரெட்' குட்டிச் சுருட்டு. (இந்தக் கடைசிச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தால் போதும், பொருள் வேண்டாம் தோழர்களே!)

இன்னொரு சாவி 'ஏஜ்'. ஒரு வேலையைச் சொல்லும் சொல்லோடு இதைச் சேர்ப்பார்கள். நாம் 'கட்டு' என்பதைக் 'கட்டுதல்' என்று ஆக்குவது போல. 'பாந்த்' என்றால் துணிப்பட்டை. அதைச் சுற்றிக் கட்டினால் 'பேண்டேஜ்'. 'த்ரியே' என்றால் பொறுக்கிப் பிரிப்பது, அதிலிருந்து 'ட்ரியாஜ்'. பெரிய விபத்து நடந்தால் யாருக்கு முதலில் வைத்தியம் என்று டாக்டர்கள் பிரிக்கிறார்களே, அதற்கு இதுதான் பெயர். ஆனால் இந்தச் சொல் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு ரொம்ப நாள் முன்பே கம்பளி ரோமத்தைத் தரம் பிரிக்கும் இடத்தில் புழங்கியது. நம் ஊரில் மிளகாயையும் கடலையையும் தரம் பிரிக்கிற பெண்கள் செய்கிற அதே வேலை! 'ஆம்புலன்ஸ்' என்பதும் அப்படித்தான். 'நடமாடும் ஆஸ்பத்திரி' என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. நெப்போலியன் படையில் இருந்த லாரே என்ற டாக்டர், காயம்பட்டவர்களைச் சண்டை நடக்கும்போதே தூக்கி வர வேகமான குதிரை வண்டிகளை ஏற்பாடு செய்தார். அதற்குப் 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று பெயர்.

என் அப்பா லாரி டிரைவர். ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பா, சோஃபர்னா பிரெஞ்சுல நெருப்பு மூட்டுறவன்னு அர்த்தமாம். அந்தக் காலத்து வண்டிக்கு நீராவிக்காகத் தீ போடணுமாம்" என்றேன். அப்பா சிரித்துவிட்டு, "நெசந்தான். சித்திரை வெயில்ல இன்ஜின் பக்கத்துல உக்காந்து பாரு, நாமளே அடுப்புதான்" என்றார். மூன்றாம் வகுப்பு படித்த அப்பாவோடு ஒரு 'டெக்னிக்கல்' சொல்லைப் பற்றி நான் பேசியது அதுதான் முதல் தடவை.

உங்கள் கையில் இருக்கும் பிரெஞ்சு

உங்கள் இடது தோளுக்குக் கீழே பாருங்கள். அனேகமாக எல்லோருக்கும் ஒரு சின்னத் தழும்பு இருக்கும். பி.சி.ஜி. ஊசியின் தழும்பு. அந்த மூன்று எழுத்துக்கும் விரிவு என்ன? 'பேசில் கால்மெத் கெரேன்'. பேசில் என்றால் பாக்டீரியா. குட்டிக் கோல் என்ற பொருளில் வந்த சொல். கால்மெத் ஒரு டாக்டர், கெரேன் ஒரு கால்நடை டாக்டர். இருவரும் பிரான்சில் லில் என்ற ஊரில் மாட்டுக் காசநோய்க் கிருமியை எடுத்து, கிளிசரினும் உருளைக்கிழங்கும் பித்தநீரும் சேர்ந்த ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். 1908 முதல் 1921 வரை 13 வருஷம், 230 தடவை. கிருமி வீரியம் இழந்து, நோய் தராமல் பாதுகாப்பு மட்டும் தரும் தடுப்பு மருந்தாக மாறியது. 1921-ல் பாரிஸில் பிறந்த ஒரு குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். நம் சென்னை கிண்டியில் 1948-ல் பி.சி.ஜி. தடுப்பு மருந்துக் கூடம் ஏற்பட்டது. ஆக, பிரெஞ்சு தெரியாது என்று யாரும் சொல்லாதீர்கள். மூன்று பிரெஞ்சுச் சொல் ஆளுக்கு ஆள் கையில் எழுதியிருக்கிறது!

ஸ்டெதாஸ்கோப் கதையும் தெரிந்து கொள்ள வேண்டியது. 1816-ல் பாரிஸில் லெனெக் என்ற டாக்டரிடம் இதய நோயுள்ள ஒரு இளம்பெண் வந்தார். அந்தக் காலத்தில் நெஞ்சில் நேராகக் காதை வைத்துத்தான் கேட்பார்கள். அவருக்குக் கூச்சம். தாள்களை இறுகச் சுருட்டி ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது! பிறகு மரத்தில் குழல் செய்தார். கிரேக்கத்தில் நெஞ்சு என்பதற்கும் பார்ப்பது என்பதற்கும் உள்ள சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். அவர் பிரெஞ்சில் வைத்த பெயர்தான் நம் ஊர் கிராமச் சுகாதார நிலையம் வரை வந்திருக்கிறது. அந்தக் குழலால் நெஞ்சு நோய்களைக் கண்டுபிடித்த லெனெக், 1826-ல் காசநோயிலேயே இறந்து போனார்.

இனி நம் மெட்டீரியல்ஸ் பாடத்துக்கு வருவோம். 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்'. பாரிஸில் மோன்மார்த்ர் என்ற மேட்டுப் பகுதியில் ஜிப்சம் சுரங்கங்கள் இருந்தன. அந்த ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய்விடும். கிடைக்கிற வெள்ளைப் பொடியில் தண்ணீர் விட்டால் இழந்த நீரைத் திரும்ப வாங்கிக் கொண்டு கல்லாக இறுகும். ஊர்ப்பெயர் பொருளுக்கு வந்துவிட்டது. அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் அப்படியே. 1821-ல் பெர்த்தியே என்பவர் தெற்குப் பிரான்சில் 'லே போ' என்ற ஊர்ப்பக்கம் கண்ட தாதுவுக்கு அந்த ஊர்ப்பெயர். நம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கிடைக்கிற பாக்சைட்டும் அந்தச் சின்னப் பிரெஞ்சு ஊரின் பெயரைத்தான் சுமக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, மணப்பாறை முறுக்கு என்று நாம் சொல்வதில்லையா? அதே பழக்கம்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் இந்தப் பாரிஸ் பொடியைக் குழைத்துத்தான் கட்டுவார்கள். அதற்கு நம் ஜனங்கள் என்ன பெயர் வைத்தார்கள்? 'மாவுக்கட்டு'! எந்தக் கமிட்டியும் உட்கார்ந்து யோசித்த சொல் இல்லை. வெள்ளையாக மாவு மாதிரி இருக்கிறது, கட்டுகிறார்கள், மாவுக்கட்டு. படிக்காதவர்கள் வைத்த பெயர், பார்த்தவுடன் புரிகிறது.

அம்மாச்சி கண்ட தாவரவியல்

பத்தாவது வரை படித்த அறிவியலை மறந்திருக்க மாட்டீர்கள். செடிக்குப் பச்சை நிறம் தருவது குளோரோஃபில். தமிழில் பச்சையம். 1817-ல் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு மருந்தாளுநர்கள் அதைப் பிரித்தெடுத்து, பச்சை, இலை என்ற கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். 1820-ல் சிங்கோனா பட்டையிலிருந்து மலேரியாவுக்கு மருந்தான குயினைனைப் பிரித்ததும் இதே இருவர்தான்.

வெளிச்சம் படாமல் வளரும் செடியில் பச்சையம் உண்டாகாது. வெளிறிப்போய், தண்டு மட்டும் நெடுநெடு என்று நீளும். தாவரவியலில் இதற்கு 'எட்டியோலேஷன்' என்று வாயில் நுழையாத பெயர். அதையும் அகராதியில் தேடினேன். பிரெஞ்சு! அறுப்பு முடிந்த பிறகு வயலில் நிற்குமே தாள், அதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தாளைப் போல வெளிறி நீண்டுவிட்டது என்று அந்த ஊர் விவசாயி பேசிய பேச்சு, தாவரவியல் புத்தகத்தில் ஏறிவிட்டது.

எங்கள் அம்மாச்சியிடம் இதைச் சொன்னேன். "இதுல என்னடி அதிசயம்? மொளப்பாரிய இருட்டு ரூம்புல வெச்சுத்தானே வளக்குறோம். வெளிச்சம் பட்டா பச்சையாப் போயிரும். இருட்டுல இருந்தாத்தான் மஞ்சமசேர்னு நெட்டமா வரும்" என்றார். நான் வாயடைத்துப் போனேன். எட்டியோலேஷனை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். அம்மாச்சி அதை வருஷா வருஷம் மாரியம்மனுக்குச் செய்து கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாதது அந்தப் பெயர் ஒன்றுதான்.

நம் ஊர்க் காம்பவுண்டுச் சுவர்களில் எல்லாம் படர்ந்திருக்கிறதே காகிதப்பூ, அதன் பெயர் போகன்வில்லா. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் பெயர். 1766-ல் அவர் உலகைச் சுற்றப் புறப்பட்டார். கூடப் போன தாவர ஆராய்ச்சியாளர் கொம்மெர்சோன் 1767-ல் பிரேசிலில் இந்தச் செடியைச் சேகரித்தார். தலைவர் பெயர் செடிக்கு வந்தது. ஆனால் கொம்மெர்சோனுக்குக் கால் சரியில்லை. செடிகளைத் தேடி, மூட்டையைத் தூக்கி, மேடு பள்ளம் ஏறியது அவருடைய உதவியாள். அந்த உதவியாள் ஆண் வேஷத்தில் இருந்த ஒரு பெண்! பெயர் ழான் பாரே. பிரான்சில் கூலி வேலை செய்த ஒரு ஏழைக் குடும்பத்தில் 1740-ல் பிறந்தவர். கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்று சட்டம் இருந்ததால் அந்த வேஷம். 1768-ல் டாஹிட்டி தீவில் குட்டு உடைந்தது. பிறகு மொரீஷியஸில் தங்கி, சில வருஷம் கழித்து ஊர் திரும்பினார். உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று வரலாறு அவரைத்தான் சொல்கிறது. 1785-ல் அரசாங்கம் அவருக்கு ஓய்வூதியம் கொடுத்தது. ஆனால் ஒரு செடியின் நிலையான பெயரில் அவர் இடம் பெற்றது எப்போது? 2012-ல்! தென் அமெரிக்காவில் கண்ட, கத்தரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடிக்கு 'சொலானம் பாரேட்டியே' என்று பெயர் வைத்தார்கள். 240 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. காகிதப்பூவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கப்பல் தலைவர் ஞாபகம் வருவதில்லை. மூட்டை தூக்கிய அந்தப் பெண்தான் ஞாபகம் வருகிறார்.

பெயர் புரிய வேண்டும் என்று நினைத்தவர்கள்

பெயர் என்றால் அதில் பொருள் தெரிய வேண்டும் என்று போராடிய நான்கு பேரையும் சொல்லியாக வேண்டும். 1787-க்கு முன்னால் வேதிப் பொருள்களுக்கு வைத்திருந்த பெயர்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். 'துத்தநாகப் பூ', 'ஆண்டிமனி வெண்ணெய்', 'கந்தக ஈரல்' என்றெல்லாம் இருந்தன. எதில் என்ன இருக்கிறது என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் மனப்பாடம்தான். அந்த வருஷம் கித்தோன் த மொர்வோ, லவாசியே, பெர்த்தொலே, ஃபூர்க்ருவா என்ற நான்கு பிரெஞ்சுக்காரர்கள் சேர்ந்து புதிய பெயரிடும் முறையை வெளியிட்டார்கள். எதனால் ஆனதோ அதையே பெயர் சொல்ல வேண்டும். துத்தநாகப் பூ 'ஜிங்க் ஆக்சைடு' ஆனது. ஆக்ஸிஜன் கூடுதலாக உள்ள அமிலம் 'இக்' என்று முடியும்; குறைவாக உள்ளது 'அஸ்' என்று முடியும். சல்ஃப்யூரிக், சல்ஃப்யூரஸ். அவற்றின் உப்புகள் 'ஏட்', 'ஐட்'. சல்ஃபேட், சல்ஃபைட். இதை முதல் வாரமே சொல்லியிருந்தால் எனக்கு அரியரே விழுந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். 1794-ல், பாலிடெக்னிக் பிறந்த அதே வருஷம், லவாசியே புரட்சிக் காலத்தில் கில்லட்டினில் உயிர் விட்டார். அவர் கூட்டுச் சேர்ந்து வைத்த பெயர்களைத்தான் உலகமே இன்றும் எழுதிக் கொண்டிருக்கிறது.

பெயரில் பொய்யும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸிஜன் என்றால் 'அமிலத்தை உண்டாக்குவது' என்று அர்த்தம். எல்லா அமிலத்திலும் ஆக்ஸிஜன் இருக்கிறது என்று லவாசியே நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜனே கிடையாது! கருத்து தப்பு என்று பின்னால் தெரிந்தும் பெயர் நின்றுவிட்டது. நைட்ரஜனுக்கு அவர்கள் வைத்த பெயர் 'அசோட்', உயிர் வாழ உதவாதது. 1790-ல் ஷாப்தால் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 'நைட்ரஜன்' என்றார். வெடியுப்பை உண்டாக்குவது என்று பொருள். நம் விவசாயி யூரியா மூட்டையைப் பார்த்து என்ன சொல்கிறார்? 'தழைச்சத்து'. பயிர் தழைக்க உதவும் சத்து. எலியை வாயுவில் அடைத்துப் பார்த்தவருக்கு அது உயிர் வாழ உதவாதது. வெடிமருந்தைப் பார்த்தவருக்கு வெடியுப்பு. வயலைப் பார்த்தவருக்குத் தழைச்சத்து. எந்தப் பெயர் நமக்கு அதிகம் புரிகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு பக்கத்து வாதம்

"அப்படின்னா எல்லாத்தையும் தமிழ்ல மாத்திட வேண்டியதுதானே?" என்று ஒரு கட்சி. "டெக்னிக்கல் வேர்டை அப்படியே இங்கிலீஷ்ல படி, அர்த்தமெல்லாம் கேக்காதே" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் நம் வகுப்பில் ஆட்கள் உண்டு.

என் கருத்து இதுதான். மாவுக்கட்டு, பச்சையம், தழைச்சத்து போல நல்ல தமிழ்ச் சொல் இருந்தால் அதைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். பிப்பெட், பாக்சைட் போலப் பழகிவிட்ட சொல்லை வைத்துக் கொள்ளலாம். கம்பெனியில் வேலைக்குப் போனால் அந்தச் சொல்தான் அங்கே இருக்கும். ஆனால் அர்த்தம் தெரியாமல் வைத்துக் கொள்ளக் கூடாது. இங்கிலீஷ்காரர்களே இந்தச் சொற்களைப் பிரெஞ்சிலிருந்து கடன் வாங்கியவர்கள்தான். அதற்காக அவர்கள் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன வருஷம் செமினாரில் நம் தோழர் ஒருவர் 'சேசிஸ்' என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. 'ஷாசி' என்று சொல்ல வேண்டுமாம். அது பிரெஞ்சுச் சொல். சட்டம் என்று அர்த்தம். சன்னல் சட்டத்துக்கும் அவர்கள் அதைத்தான் சொல்வார்கள். இங்கிலீஷ்காரர்கள் சொல்வதும் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது போல அப்படியே இருக்காது. கடன் வாங்கியவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பட்டறையில் சேசிஸைப் பிரித்துக் கோக்கிற மெக்கானிக் அண்ணனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

என் தோழியின் கேள்விக்கும் வருகிறேன். அர்த்தம் தெரிந்தால் மட்டும் எல்லாம் வந்துவிடாது. 'டர்பைன்' என்பது 1822-ல் புர்தேன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் லத்தீனிலிருந்து எடுத்து வைத்த பெயர். அந்த லத்தீன் சொல்லுக்குச் சுழல் என்றும் பம்பரம் என்றும் பொருள். இது தெரிந்துவிட்டால் டர்பைன் கணக்கைப் போட முடியுமா? முடியாது. கணக்கைப் போட்டுத்தான் பழக வேண்டும். ஆனால் சொல்லைப் பார்த்தவுடன் வருகிற பயம் போய்விடும். பயம் போனால்தான் கணக்குப் பக்கம் கையே போகும். மார்க் அங்கேதான் இருக்கிறது.

வெட்டிவேர் சொன்ன பதில்

எல்லாவற்றையும் விட என்னை நிமிர்ந்து உட்கார வைத்த சொல் ஒன்று உண்டு. அதே அகராதியில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. 'வெடிவர்' என்பது போல ஏதோ ஒரு சொல். வாசனைத் திரவியம் செய்யும் ஒருவகைப் புல்லின் வேர் என்று போட்டிருந்தது. எந்த மொழி என்று பார்த்தேன். 'பிரெஞ்சிலிருந்து' என்று இருந்தது. அதற்கு அடுத்து, 'பிரெஞ்சுக்குத் தமிழிலிருந்து' என்று இருந்தது!

நம் வெட்டிவேர்! பானைத் தண்ணீரில் போடுகிறோமே, தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கிறோமே, அதே வெட்டிவேர். நம் சொல் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இங்கிலீஷுக்குப் போய், தாவரவியலில் 'வெட்டிவேரியா' என்று ஒரு பேரினத்துக்கே பெயராக இருந்தது. பிற்பாடு அந்தப் புல்லை வேறு பேரினத்தில் சேர்த்து 'கிரைசோபோகன்' என்று மாற்றினார்கள். ஆனாலும் பிரான்சின் வாசனைத் திரவியக் கடையில் அதன் பெயர் இன்றும் வெட்டிவேர்தான். யோசித்துப் பாருங்கள். பாரிஸில் ஒரு மாணவி இந்தச் சொல்லைப் பார்த்து 'இது என்ன கஷ்டமான சொல்!' என்று பயந்திருப்பாள். நமக்கு அது வெட்டி எடுக்கிற வேர். பீப் என்பது அவளுக்குச் சாதாரணக் குழாயாக இருப்பது போல.

நாம் செய்யக்கூடியது

பேரவைக்கு என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று: ஒவ்வொரு லேப்பிலும் ஒவ்வொரு ஒர்க் ஷாப்பிலும் சுவரில் ஒரு சார்ட் வேண்டும். அங்கே புழங்குகிற கருவி, பொருள்களின் பெயர், அது எந்த மொழிச் சொல், என்ன அர்த்தம், தமிழில் என்ன. மூன்றாமாண்டு மாணவர்கள் எழுதித் தரத் தயார். ஆசிரியர்கள் ஒருமுறை திருத்திக் கொடுத்தால் போதும். கதை கட்டிய அர்த்தங்களும் நிறைய உலவுகின்றன. அகராதியில் சரிபார்த்த பிறகே சுவரில் ஏற்ற வேண்டும்.

இரண்டு: வகுப்பில் புதிய சொல் வந்தால், "சார், இந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று எழுந்து கேட்போம். தெரியாததைக் கேட்பதில் அவமானம் இல்லை. தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு அரியர் வைப்பதில்தான் கஷ்டம். செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிற அப்பாவுக்கும் கஷ்டம்.

மூன்று: முதலாமாண்டு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நமக்கு அடுத்து வருகிறவர்களும் அப்படித்தான்.

இந்த வருஷம் வேதியியல் லேப்புக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். முதலாமாண்டுத் தம்பி ஒருவன் அலமாரி முன்னால் திருதிருவென்று முழித்துக் கொண்டு நின்றான். "என்ன தம்பி தேடுறே?" என்றேன். "அக்கா, பிப்பெட் எடுத்துட்டு வரச் சொன்னாங்க..." என்று இழுத்தான்.

"பிப்பெட்டுன்னா குட்டிக் குழாய், தம்பி. பியூரெட்டுன்னா குட்டி ஜாடி. இப்ப நீயே பார்த்து எடு" என்றேன்.

ஒரு நிமிஷம் பார்த்தான். சரியானதை எடுத்துக் கொண்டு போனான். யாரும் சிரிக்கவில்லை.

கேட்போம் தோழர்களே! கேட்டுத் தெளிவோம்!